பெரியவனைப் பார்த்துச் சின்னவன்: வீட்டுக்குள் பரவும் நடத்தைக் கோளாறுகள்



"பெரியவன்தான் ஹஜ்ரத், சின்னவனையும் கெடுத்துட்டான்." பிள்ளைகளைப் பற்றி நம்மிடம் பேச வரும் அத்தாமார்களும், போனில் அழுதபடி பேசும் உம்மாமார்களும் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. பொய், கெட்ட வார்த்தை, பர்ஸில் பணம் எடுப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கட் அடிப்பது, கூல் லிப், சிகரெட், இரவெல்லாம் போன் என்று எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு பிள்ளையிடம் தெரிகிறது. கொஞ்ச காலம் கழித்து அடுத்த பிள்ளையிடமும் தெரிகிறது. அப்போதுதான் வீடு உண்மையில் பயப்படுகிறது.

பெரியவன் கெடுத்தான் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். ஏனென்றால் நோய் எந்த வழியாகப் பரவுகிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால், மருந்தே நோயைப் பரப்பிவிடக் கூடும்.

பிள்ளை கெட்டுப்போனால் நாம் முதலில் தெருவைத்தான் பார்க்கிறோம். "சேர்க்கை சரியில்லை" என்கிறோம். நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், கெட்ட நண்பனைக் கொல்லனின் உலைக்கும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்ட ஹதீஸை பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு பிள்ளை அதிக நேரம் யாருடன் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் நம் குடும்பங்கள் குடியிருப்பது பெரும்பாலும் இரண்டு படுக்கையறை வீடுகளில். அண்ணனும் தம்பியும் ஒரே அறை, ஒரே சார்ஜர், பல நேரம் ஒரே போர்வை. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ சொந்த ஊர் வீட்டில் இருந்தால் நன்னி இருப்பார், பெரியம்மா பிள்ளைகள் இருப்பார்கள், முற்றத்தில் யாராவது ஒரு பெரியவரின் கண் இருந்துகொண்டே இருக்கும். இங்கே அந்தக் கண்கள் இல்லை. அத்தா ஓ.எம்.ஆரில் ஷிப்டில் இருக்கிறார், அல்லது கேப் ஓட்டுகிறார், அல்லது துபாயில் இருக்கிறார். தம்பிக்கு அண்ணன்தான் உலகம். காக்கா, நானா, அண்ணன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் இந்த விஷயம் மாறுவதில்லை. கஸ்தூரியோ உலையோ, அது படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பார்த்துக் கற்பது

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 72 மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். காற்றடைத்த பெரிய பொம்மையை ஒரு பெரியவர் அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு தனியாக விட்டபோது அந்தக் குழந்தைகள் அதே அடியை, அதே வார்த்தைகளோடு திருப்பிச் செய்தார்கள். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நமக்கு அதைவிட முக்கியமானது 1965-ல் அவர் வெளியிட்ட அடுத்த சோதனை. இம்முறை பொம்மையை அடித்த பெரியவருக்குச் சில படங்களில் பரிசு கிடைத்தது, சிலவற்றில் தண்டனை கிடைத்தது. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். 'அப்பாடா, பயந்துவிட்டார்கள்' என்று நாம் நினைப்போம். ஆனால் "நீ பார்த்ததைச் செய்து காட்டு, பரிசு தருகிறோம்" என்று சொன்னதும், எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். அதாவது தண்டனையைப் பார்த்த குழந்தையும் கற்றுக்கொண்டுதான் இருந்தது. வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பெரியவனை பெல்ட்டால் அடித்தால் சின்னவன் பாடம் கற்பான் என்று நினைக்கும் தகப்பன்மார்கள் இருக்கிறார்கள். சின்னவன் இரண்டு பாடம் கற்கிறான். ஒன்று, அண்ணன் செய்த காரியம் எப்படிச் செய்வது என்பது. இன்னொன்று, எங்கே பிடிபட்டான் என்பது. பல நேரம் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தே கற்கிறான்: கோபம் வந்தால் பலசாலி அடிக்கலாம்.

சிகரெட் விஷயத்தில் இதற்குக் கணக்கே இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-ல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. பெற்றோரில் ஒருவராவது புகைக்கும் வீட்டில் பிள்ளை புகைக்கத் தொடங்கும் சாத்தியம் 1.72 மடங்கு கூடியிருந்தது. அண்ணனோ அக்காவோ உடன்பிறந்த யாரோ புகைத்தால் 2.30 மடங்கு. தாய், தந்தை இருவருமே புகைத்தால்தான் அது 2.73 மடங்காகிறது. தகப்பனைப் பிள்ளை வேறொரு தலைமுறையாகப் பார்க்கிறது. அண்ணனைத் தன்னுடைய நாளைய உருவமாகப் பார்க்கிறது. தவிர, முதல் சிகரெட்டை எங்கே வாங்குவது, வாயில் வாடை வராமல் எப்படி மறைப்பது என்பதெல்லாம் அண்ணனிடமும் அண்ணனின் நண்பர்களிடமும்தான் கிடைக்கும். குட்கா, பான் மசாலாவுக்கு 2013-லேயே தமிழ்நாட்டில் தடை வந்தது. அப்படியும் அது பள்ளிக்கூடப் பையில் வந்து சேருகிறது என்றால், கொண்டுவந்து கொடுக்க ஒரு கை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சிரிப்பும் ரகசியமும்

பரவும் இரண்டாவது வழியைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. அது சிரிப்பு. சின்னவன் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்கிறான், பெரியவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். வாத்தியாரை ஏமாற்றிய கதையைப் பெரியவன் சொல்கிறான், சின்னவன் வாய் பிளந்து கேட்கிறான். வளரிளம் பருவ நண்பர்களிடையே தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்தார்: விதிமீறலைப் பற்றிய பேச்சுக்குச் சிரிப்பு கிடைக்கக் கிடைக்க, பேச்சு செயலாக மாறுகிறது. பிறகு வந்தவர்கள் உடன்பிறந்தவர்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள். இருவரும் சேர்ந்து பெற்றோரிடம் மறைக்கும் கூட்டு உருவாகிவிட்டால், பிரச்சினை இன்னும் ஆழமாகிறது.

திருக்குர்ஆனை ஓதுகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தனித்தனியாக இருந்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருப்பார்களா என்று நாம் யோசித்ததுண்டு. ஒரு பொறாமை, அதைப் பேசிப் பேசி ஒரு திட்டம், பிறகு ஒரே பொய்யை எல்லோரும் சேர்ந்து சுமந்துகொண்டு பொய் இரத்தம் பூசிய சட்டையோடு தந்தையிடம் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கொல்ல வேண்டாம், கிணற்றில் போடலாம் என்று சொன்னதாக வரலாறு வருகிறது. அந்த ஒருவராலும் கூட்டத்தை முழுசாகத் தடுக்க முடியவில்லை, தணிக்கத்தான் முடிந்தது. உங்கள் பிள்ளைகளில் மனச்சாட்சி உறுத்தும் ஒருவன் இருந்தாலும், அவன் எதிர்த்து நிற்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். அவன் தனியாக உங்களிடம் வந்து பேச ஒரு வழி வைத்திருங்கள்.

சத்தம் போட்டால் கிடைக்கும்

இப்போது நம்மிடம் வருவோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வேறு மாதிரி வேலை செய்தார். பிள்ளைகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைக்காமல், கவனிப்பவர்களை வீடுகளுக்கே அனுப்பினார். யார் என்ன சொன்னார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று நொடிக்கு நொடி குறித்தார்கள். 1982-ல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையில் இன்றும் அடிப்படையானது. அவர் கண்டதை நம் வீட்டு மொழியில் சொல்கிறோம்.

மஃக்ரிப் முடிந்த நேரம். உம்மா எட்டு வயது மகனிடம் போனை வைத்துவிட்டு ஹோம்வொர்க் செய்யச் சொல்கிறார். அவன் முனகுகிறான். உம்மா குரலை உயர்த்துகிறார். அவன் அதைவிட உயர்த்துகிறான், காலை உதைக்கிறான். கைக்குழந்தை விழித்துவிடும், பக்கத்து ஃபிளாட்டில் கேட்கும். "சரி, பத்தே நிமிஷம், அப்புறம் வச்சிடணும்" என்கிறார். அவன் அமைதியாகிறான்.

இந்த இரண்டு நிமிடத்தில் இருவருமே பரிசு வாங்கிவிட்டார்கள். கத்தினால் போன் கிடைக்கும் என்று மகன் கற்றான். விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று உம்மா கற்றார். நாளை அவன் முனகலில் தொடங்க மாட்டான், நேராகக் கத்தலில் தொடங்குவான். உம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் அறைந்தால், அன்று அவன் அடங்கினால், அடி வேலை செய்யும் என்று அவரும் கற்றுக்கொள்வார். இப்படி ஒருவரை ஒருவர் வற்புறுத்தி ஜெயிக்கும் வீட்டில், சண்டையில் கடைசிவரை நிற்பவருக்குத்தான் வெற்றி.

இதில் உடன்பிறந்தவர்கள் எங்கே வருகிறார்கள்? நடுவிலேயே. பன்னிரண்டு வயது அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அமைதியாக இருந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கத்தியவனுக்குக் கிடைத்தது. மறுநாள் அவன் ரிமோட்டைப் பிடுங்குகிறான், அவள் கிள்ளுகிறாள், அவன் விடுகிறான். அவளுக்கும் கிள்ளல் வேலை செய்துவிட்டது. அடி வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை அடிக்கிற பிள்ளையாக மாறுவது இப்படித்தான். பேட்டர்சன் உடன்பிறந்தவர்களை இந்த வற்புறுத்தல் பயணத்தின் சகபயணிகள் என்றே அழைத்தார். வீட்டில் இந்தப் பயிற்சி முடித்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் அதையே கொண்டுபோகிறது. அங்கே நல்ல பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள், இவனைப் போன்றவர்கள் சேர்கிறார்கள். நாம் 'சேர்க்கை சரியில்லை' என்று சொல்லத் தொடங்குவது அப்போதுதான்.

பெரியவர்களின் மனநிலை இறங்கி வருவதும் இதோடு சேர்ந்ததுதான். மேனேஜரிடம் வாங்கியதை அத்தா மனைவியிடம் கொட்டுகிறார், மனைவி பெரியவளிடம், பெரியவள் சின்னவனிடம், சின்னவன் பூனையிடம். பூனை மட்டும்தான் யாரிடமும் கொட்டுவதில்லை!

அப்படியென்றால் எல்லாம் தொற்றுதானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. லண்டனின் தென்பகுதியில் 1961 முதல் 411 சிறுவர்களை அவர்கள் நடுவயது தாண்டும் வரை தொடர்ந்து கவனித்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், நானூறு குடும்பங்களில் சுமார் 6 விழுக்காடு குடும்பங்களிலேயே மொத்த குற்றத் தீர்ப்புகளில் பாதி குவிந்திருந்தது. தகப்பன், அண்ணன், தம்பி என்று ஒரே வீட்டில். ஆனால் அந்த வீட்டில் வறுமையும் ஒன்றுதான், தெருவும் ஒன்றுதான், பெற்றோரிடமிருந்து வந்த இரத்தமும் ஒன்றுதான். எது எவ்வளவு என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கே சிரமம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் பிறவியிலேயே மிகுந்த பிள்ளைகளும் உண்டு; அவர்களை யாரும் 'கெடுக்கவில்லை'. தவிர, அண்ணனைப் பார்த்துவிட்டு நேர் எதிர்த்திசையில் போகும் தம்பிகளும் இருக்கிறார்கள். 1976-லேயே பிரான்சஸ் ஷாக்டர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 'அவன்தான் வாலு, நான் நல்லவன்' என்று இடம் பிரித்துக்கொள்வது அது.

இந்த இடம் பிரிப்பை நாமே செய்து கொடுப்பதுதான் ஆபத்து. "இவன் ஹாஃபிழாகப் போறவன், அவன் ஷைத்தான்" என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஷைத்தான் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்த வீட்டில் அந்த இடம் மட்டும்தான் காலியாக இருக்கிறது. தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்கும்படி பஷீர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்த சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தாயா என்பதுதான் நபியவர்களின் முதல் கேள்வி. இல்லை என்றதும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள். நாம் இந்த ஹதீஸைச் சொத்து விஷயத்தில் மட்டும் பேசுகிறோம். பாராட்டு, மன்னிப்பு, மடியில் இடம், ஏன், கோபத்தின் அளவும்கூடப் பிள்ளைகளுக்குச் சொத்துதான்.

போன் கொண்டுவந்த புது வழி

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ல். அந்த இடைவெளியில் படிப்புக்கென்று வீட்டுக்கு வந்த போன் திரும்பிப் போகவில்லை. இங்கே பரவல் மேலிருந்து கீழே மட்டும் போவதில்லை. கீழிருந்து மேலேயும் போகிறது. ஐந்து வயதுப் பிள்ளை சோற்றுக்குப் போன் கேட்கும் வீட்டில், பத்து வயதுப் பிள்ளையின் பழைய கட்டுப்பாடும் தளர்ந்துவிடுகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அத்தாவே ரீல்ஸ் பார்த்தால் பேச்சே இல்லை.

இணைய சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது என்று 2025-ல் விதிமுறைகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் அண்ணனின் கணக்கில் தம்பி ஆடுவதையும், அத்தாவின் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அக்கா எடுத்துச் சொல்வதையும் எந்தச் சட்டம் பார்க்கும்? அது உங்கள் ஹாலில் நடக்கிறது.

மதரஸாவுக்கு அனுப்பிவிடலாமா?

இதை நாம் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "மற்ற பிள்ளைகளாவது தப்பிக்கட்டும், இவனை எங்கேயாவது ஓதுற மதரஸாவில் சேர்த்துவிடுங்க ஹஜ்ரத்" என்று கேட்கிறார்கள். மதரஸாவில் ஓதி வந்தவர்கள் என்ற உரிமையில் சொல்கிறோம்: மதரஸா சீர்திருத்தப் பள்ளி அல்ல. ஓத விரும்பி வரும் பிள்ளைக்கு அது பாக்கியம். தண்டனையாக அனுப்பப்பட்ட பிள்ளைக்குக் குர்ஆனே தண்டனையின் பெயராகிவிடும். அந்தப் பாவம் யாருக்கு?

ஆய்வும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-ல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தில், வழிதவறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்கு ஆலோசனையும் கோடை முகாமும் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்டு அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. ஒரு தடவைக்கு மேல் முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களின் நிலைதான் மிகவும் மோசம். டிஷியனும் ஒரிகனில் இதையே கண்டார்: பிரச்சினையுள்ள பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்தால், ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்ளும் கூட்டம் பெரிதாகிறது. ஹாஸ்டலோ முகாமோ மதரஸாவோ, பல வீடுகள் ஒரே நேரத்தில் இதே யோசனையைச் செய்தால் அங்கே யார் யாரோடு சேர்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே என்ன செய்ய முடியும்? நம்பிக்கை தரும் செய்தி இங்கேதான் இருக்கிறது. பேட்டர்சனின் குழு, பிரச்சினையுள்ள ஒரு பிள்ளையை வைத்துப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தது. சின்ன விதி, அதை மீறினால் சின்ன இழப்பு, ஒவ்வொரு தடவையும் தவறாமல், கத்தாமல். நல்லதைச் செய்தால் உடனே பாராட்டு. அவ்வளவுதான். 1975-ல் வெளியான அவர்களின் ஆய்வில், பயிற்சியின் இலக்காக இல்லாத உடன்பிறந்தவர்களின் நடத்தையும் சீராகியிருந்தது. பரவும் வழி திறந்தே இருக்கிறது; அதில் எது போகிறது என்பதுதான் மாறியது.

நம் சென்னையிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. டிவி பார்ப்பதைக் குறைப்பதற்காக வைஷாலி என்ற சிறுமியைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் பலகை முன் உட்கார்ந்தார். தம்பி 2018-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023 டிசம்பரில் அக்காவும் அதற்கான தகுதியை எட்டியபோது, உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் என்று பேசப்பட்டார்கள். பெற்றோர் சரிசெய்ய நினைத்தது ஒரு பிள்ளையின் டிவி பழக்கத்தை!

நடைமுறையில் சில விஷயங்களை மட்டும் சொல்கிறோம். பெரியவனைத் திருத்தும் பேச்சைச் சின்னவன் முன்னால் நடத்தாதீர்கள். ஆனால் சின்னவனிடம் ஒன்றும் நடக்காதது போலவும் இருக்காதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தனியே உட்காரவைத்து, "அண்ணன் செய்தது தப்பு, அண்ணனுக்கு நாங்க உதவி செய்றோம், உன்னை யாராவது கூப்பிட்டா எங்ககிட்ட சொல்லலாம்" என்று சொன்னால் போதும். தம்பியை உளவாளியாக்காதீர்கள். துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுத்திருக்கும்போது அதற்கு ஒரு பிள்ளையைப் பழக்குவது எப்படிச் சரியாகும்? போனைப் பார்க்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. பிள்ளைக்குத் தெரியவைத்து நீங்களே பாருங்கள். அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மூத்த மகனுக்கு அடிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். பதினைந்து வயதுப் பையன் தகப்பனாக முடியாது. அத்தா தினமும் வீடியோ கால் பேசும்போது ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக ஐந்து நிமிடம் பேசினால், அதுவே பெரிய காரியம். சிரிப்பு வரும் இடத்தில் நீங்களும் சிரித்துவிடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை கெட்ட வார்த்தை சொன்னதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

சில விஷயங்கள் மட்டும் வீட்டோடு முடிவதில்லை. போதைப்பொருள், ஆயுதம், தொடர்ந்து திருடுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, உடன்பிறந்தவரைத் தகாத முறையில் தொடுவது. இதில் எதுவாக இருந்தாலும் குடும்ப மானம் என்று மூடி வைக்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்; துஆவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டும் இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம். நாவலூர் பக்கம் இருப்பவர்களுக்கு மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது பிரச்சினையுள்ள பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்லாமல், வீட்டில் வேறு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்த அறையில் யாரோடு தூங்குகிறார்கள், யார் போனை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.